பங்காளி கையெழுத்து

பட்டு நூல் எடுத்த பிறகு கூட்டுக்குள் மிஞ்சும் புழுவை வறுத்து, உப்புத் தூவி, தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார்கள். ஆரணியிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தைந்து வருஷமாகப் பட்டு நெய்கிறேன், புழுவை ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு நூல் முறுக்கேறி, சாயமேறி, பளபளவென்று கட்டாகத்தான் வரும். அது ஓர் உயிரிலிருந்து வருகிறது என்பது தெரியும், ஆனாலும் தெரியாது.

"சாப்பிடுங்க பரிமளாம்மா, முறுக்கு மாதிரி இருக்குமாம்," என்றார் பக்கத்தில் இருந்த சுகந்தி மேடம், தட்டைத் தான் தொடாமல்.

"நீங்க மொதல்ல எடுங்க மேடம், நான் பார்த்துகினே இருக்கேன்," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார். நான் மனசுக்குள் அந்தப் புழுக்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சுகந்தி மேடம் சென்னையில் கல்லூரிப் பேராசிரியர். தறியில் உட்காருகிறவர்களுக்கு முட்டியும் இடுப்பும் ஏன் வலிக்கிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்று மூன்று தேசத்துக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் அதை நடத்தியது. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டுத் தறிகளும், தாய்லாந்தில் ஒரு நெசவாளர் கிராமமும் அதில் சேர்ந்திருந்தன. எல்லோரும் கூடிப் பேசும் கூட்டம் தாய்லாந்தின் வடகிழக்கில் கோன் கேன் என்ற ஊரில் நடக்கப்போகிறது, ஆரணி சார்பில் ஒருவர் வரலாம் என்று சொன்னார்கள். செல்போன் எங்கள் தெருவில் இரண்டே பேரிடம் இருந்த காலம் அது.

யார் போவது என்று பேசினால் சண்டை வரும். அதனால் வீட்டுக்கு ஒரு பெயராகச் சீட்டு எழுதி, அம்மன் காலடியில் போட்டுக் குலுக்கினோம். பூசாரி எடுத்த சீட்டில் என் பெயர் இருந்தது. எங்கள் வீட்டுச் சீட்டில் என் பெயரை எழுதியது என் வீட்டுக்காரர்தான். முட்டி வலியோடு ஏரோப்ளேன் படிக்கட்டு ஏற அவரால் ஆகாது. எட்டாவது வரை படித்தவள் நான். என்னை அனுப்புவது என்று அம்மன் முடிவு செய்தபிறகு மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

எங்களுடையது குழித்தறி. தரையோடு பலகை போட்டு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். இவர் குழியைவிட்டு எழுவதற்காக உத்தரத்தில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்து, "முருகா" என்று ஒரு சத்தம் கொடுத்துத்தான் எழுந்திருப்பார். ஒரு நாளைக்கு எத்தனை முருகா என்று கேட்டுக்கொண்டே நான் மறுபக்கம் கரை கோத்துக்கொண்டிருப்பேன்.

ஆராய்ச்சிக்காரர்கள் கண்ட வழி இது. பன்னிரண்டு வீட்டிலும் குழியை மூடிவிட்டு, நாற்காலி உயரத்தில் உட்கார்ந்து நெய்யும் இரும்புத் தறியை ஒரு வருஷம் வைத்துப் பார்ப்பது. கூட்டத்தில் அதை முடிவு செய்யப்போகிறார்கள். தெருவில் இதைக் கேட்டதும் கொதித்துவிட்டார்கள். தறி இரண்டு அடி உயர்ந்தால் மேலே இருக்கும், சேலையில் பூ விழ வைக்கும் ஜக்கார்டு பெட்டி கூரை ஓட்டில் இடிக்கும். குழியின் ஈரக் குளுமை இல்லாவிட்டால் வெயில் காலத்தில் இழை பட்டுபட்டென்று அறும். சரிப்படவில்லை என்றால் மறுபடி குழி வெட்டித் தறி பூட்ட எத்தனை நாள் சும்மா உட்காருவது?

பக்கத்து வீட்டு தேவராஜ் அண்ணன் என்னிடம் விரலை ஆட்டினார். "இன்னா பரிமளா, அங்க போயி எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துடாத. குழிய மூட்றதா வேணாமான்ற முடிவு நம்ம கையில இருக்கணும். அது இல்லாம வந்தியானா, தெருவுக்குள்ள உட மாட்டேன்."

வீட்டுக்குள் வந்தால் இவர் வேறு சொன்னார். "அவன் பேசுவான். அவனுக்கு முட்டி நல்லாக்கீது. குழிய மூடினாத்தான் என் கால் சரியாவும்னா மூடட்டுமே. நீ எதனா பேசப் போயி, அவங்க ஆரணியே வேணாம்னு போயிட்டா?"

தெரு ஒரு பக்கம், இவருடைய முட்டி ஒரு பக்கம். இரண்டையும் சுமந்துகொண்டுதான் ஏரோப்ளேனில் உட்கார்ந்தேன். அம்மன் விபூதியும், போன வருஷம் நாங்கள் கையெழுத்துப் போட்ட ஆராய்ச்சித் தாளின் நகலும் ஒரே பிளாஸ்டிக் கவரில் இருந்தன. தாளைத் திணித்தவர் தேவராஜ் அண்ணன். எதற்கென்று அவருக்கும் தெரியாது.

முதல் நாள் சோற்றோடு போனது. அங்கே சோற்றை ஆவியில் வேகவைத்து மூங்கில் கூடையில் வைக்கிறார்கள். கையால் பிய்த்து, உருட்டி, தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். கையால் சாப்பிடுகிற தேசம் என்று பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. களம்பூர் பொன்னி சாப்பிட்டு வளர்ந்த நமக்குச் சோறு பூவாக உதிர வேண்டும், இல்லாவிட்டால் ஆக்கியவளைத் திட்டுவோம். இவர்கள் உதிர்ந்தால் திட்டுவார்கள் போலிருக்கிறது. அவ்வளவு ஒட்டு. ஒரு உருண்டையைச் சுவரில் எறிந்தால் அங்கேயே நிற்கும்.

பேஜார் எங்கே என்றால் எதைத் தொட்டாலும் அதில் மீன் சாறு. பப்பாளிக்காயைச் சீவி உரலில் இடிக்கிறார்கள், வாசனை ஆளைத் தூக்குகிறது, அதிலும் மீன். விடுதியில் பரிமாறிய பெண்தான் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். சைவம் என்பதற்கு அங்கே "ஜே" என்று சொல்ல வேண்டுமாம். நம் ஊரில் மேடையில் தலைவர் ஏறினால் போடுகிற அதே ஜே. அன்றிலிருந்து போன கடையெல்லாம் "ஜே, ஜே" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தேன். கொண்டுபோன புளிக்காய்ச்சலும் கைகொடுத்தது. ஒட்டுச் சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் அருமையாகச் சேரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே வீட்டு முன்னால் ஒற்றைக் காலில் நிற்கும் குட்டிக் கோயில் ஒன்று இருக்கும். இடத்தைக் காக்கும் சாமிக்காம். தினம் பூ, ஊதுவத்தி, கூடவே சிவப்புக் கலர் பாட்டிலைத் திறந்து ஸ்ட்ரா போட்டு வைக்கிறார்கள். சாமிக்கும் தாகம் எடுக்கும், உறிஞ்சிக் குடிக்க வசதி வேண்டும் என்று நினைத்த அந்த மனசு எனக்குப் பிடித்துப்போனது. விடுதி வாசலில் இருந்த சாமியை மூன்று முறை சுற்றி வந்து கும்பிட்டேன். வாசல் காவல்காரர் என்னைப் பார்த்துப் பதிலுக்குக் கும்பிட்டார்.

இரண்டாம் நாள் நெசவாளர் கிராமத்துக்கு வேனில் போனோம். வீடுகள் எல்லாம் மரக்கால் வைத்து உயரத்தில் நிற்கின்றன. கீழே நிழலில் தறி. குழி கிடையாது. உயரமான பலகையில் ஏறி உட்கார்ந்து நெய்கிறார்கள். நம்மிடம் கொண்டுவரப் பார்க்கிற உட்காருமிடம் இங்கே பரம்பரையாக இருக்கிறது.

புவா என்ற பெண்ணின் தறிக்குப் போனேன். புவா என்றால் தாமரையாம். என் வயதுதான் இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை நூலிலேயே முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி, நெய்ய நெய்யப் பூ தானாக விழும்படி செய்திருந்தாள். என் முந்தானையைப் பிடித்து, கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் தாய்லாந்து மொழியில் கேட்க, அவர்கள் ஊர் வாத்தியார் அதை இங்கிலீஷில் சொல்ல, சுகந்தி மேடம் தமிழில் சொல்வார். என் பதில் அதே வழியில் திரும்பிப் போகும். ஒரு ஜோக் சொன்னால் சிரிப்பு மூன்று அலையாக வரும்.

"இந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறாயா?" என்று கேட்டாள்.

"ஒட்டு இல்ல, கோர்வை. அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் வீட்டுக்காரர். ரெண்டு பேரும் ஒவ்வொரு இழைக்கும் கோத்துகினே வரணும்."

"சண்டை போட்டுக்கொண்ட நாளில்?"

"அன்னிக்குக் கரை கோணலா வரும்."

மூன்று அலையும் வந்து முடிய நேரமாயிற்று.

திரும்பி வரும்போது, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில், வேன் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. டிரைவர் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தி, டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். தேசூர் போகிற வழியில் பஸ் நின்றால் நம் ஜனங்கள் போடுகிற கூச்சலில் பாதிகூட அங்கே இல்லை. எல்லோரும் மரத்தடியில் பாய் விரித்தார்கள். கூட்டத்துக்காக எங்களோடு வந்த புவா மட்டும் உட்காராமல் நின்றாள். பிறகு மரத்தின் பக்கம் திரும்பி, மேல்சட்டையைக் கொஞ்சம் தூக்கி, இடுப்பில் இறுக்கிச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் தைலம் தடவினாள். அந்த வாசனை எங்கள் வீட்டு வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவங்க மேலதான உக்காருறாங்க, இவங்களுக்கு ஏன் வலி?" என்று மேடத்திடம் கேட்டேன். மேடமும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

புவாவின் பதில் இரண்டு வாய் மாறி வந்தது. "கால் தொங்க இடம் இருக்கிறது. முதுகு சாய இடம் இல்லை. பலகை தட்டை, முன்னால் குனிந்துகொண்டே இருக்க வேண்டும். போன வருஷம் வந்தவர்கள் முதுகை அளந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். என்ன செய்தால் வலிக்காது என்று நினைக்கிறாய் என்று கேட்கவில்லை."

"எங்களயும் கேக்கல," என்றேன். அதை மொழிபெயர்க்காமலே அவள் புரிந்துகொண்டாள்.

டயர் வந்து சேர்ந்து ஊர் திரும்பியதும் மேடம் டெலிபோன் கார்டு வாங்கிக் கொடுத்தார். தெருமுனை மளிகைக் கடைக்குப் போன் போட்டு இவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"இன்னா துன்ன?" அதுதான் முதல் கேள்வி.

"சோறுதான். முட்டி எப்டிக்கீது?"

"கீது. மதியானம் அந்தக் கயிறு அறுந்துடுச்சு. தொபீர்னு உள்ளயே உக்காந்துட்டேன். தேவராஜ்தான் வந்து தூக்கினான். வேற கயிறு கட்டிக்கினேன், நீ ஒண்ணும் கவலப்படாத. நம்ம வீட்டுக்குப் புதுத் தறி வேணாம்னு மட்டும் சொல்லிடாத."

கார்டு தீர்ந்துவிட்டது. வேணாம் என்று சொல்லவும் பயம், சரி என்று சொல்லவும் பயம்.

மூன்றாம் நாள் காலையில் குளித்துவிட்டு, விபூதி எடுக்கப் பிளாஸ்டிக் கவரைத் திறந்தேன். பொட்டலம் பிரிந்து தாள் முழுக்க விபூதி. தட்டிவிட்டபோது ஒரு வரி கண்ணில் பட்டது. "இந்த ஆய்வின் பங்காளியாகிய நான் மனமொப்பிக் கையொப்பமிடுகிறேன்." போன வருஷம் அவசரத்தில் யாரும் படிக்காமல் போட்ட கையெழுத்து. பங்காளி! முள்ளிப்பட்டில் என் மாமனார் வீட்டை விற்கப் போனபோது, ஒரே ஒரு பங்காளி கையெழுத்துப் போடாததால் மூன்று வருஷம் அந்த வீட்டில் ஒரு ஓட்டைக்கூட அசைக்க முடியவில்லை. அந்தப் பங்காளியை நான் சபிக்காத நாளில்லை. அன்று காலையில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கூட்ட அறையில் பெரிய மேஜை. சுற்றிலும் மேடம், தாய்லாந்து வாத்தியார்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த பீட்டர் சார், அவருடைய ஆட்கள். நெசவாளர்களான எங்களுக்குச் சுவரோரம் நாற்காலி. தண்ணீர் பாட்டில்கூட மேஜைக்குத்தான் வைத்திருந்தார்கள். பீட்டர் சார் நல்ல மனுஷர், பொறுமையாகப் படம் காட்டினார். குழி மூடிய ஒரு தரை, அதன்மேல் பச்சை வண்ண இரும்புத் தறி. முடித்துவிட்டு, "ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம்," என்றார். மேஜையில் ஐந்தாறு கைகள் எழுந்தன.

நானும் தூக்கினேன். ஒப்புக்கொண்டு அல்ல.

"நாங்க தூக்கினா கணக்கு உண்டா மேடம்?" என்று கேட்டேன்.

மேடத்துக்குச் சங்கடம். "உங்க கருத்தைக் கேட்டுக்குவாங்க. முடிவு பண்றது கமிட்டி."

அம்மா தாயே என்று எழுந்து, விபூதி ஒட்டிய தாளை மேஜையில் வைத்தேன். "இதுல எங்கள பங்காளின்னு போட்டிருக்குது. பங்காளி கையெழுத்து இல்லாம ஒரு செவுத்த இடிக்க முடியுமா? நீங்க எங்க வீட்டுக் குழிய மூடணும்ன்றீங்க."

மேடம் தாளைப் படித்தார். முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, இது பங்கேற்பாளர்னு இருக்கணும். டைப் அடிச்சவங்க தப்பு."

"தப்பா இருக்கலாம் மேடம். நாங்க கையெழுத்துப் போட்டது அதுக்குக் கீழதான?"

பீட்டர் சார் என்னவென்று கேட்டார். மேடம் இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடித் திணறினார். சொந்தக்காரர் என்றார், இல்லை என்றார், சொத்தில் பாத்தியதை உள்ளவர் என்றார், சண்டைக்காரர் என்றும் சொன்னார் போலிருக்கிறது, பீட்டர் சார் புருவத்தை உயர்த்தினார். கடைசியில் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்து, "அவர் இல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது, பிடிக்காவிட்டாலும் விட்டுவிட முடியாது, அப்படிப்பட்ட ஆள்," என்றார். அதை வாத்தியார் தாய்லாந்து மொழியில் சொல்ல, சுவரோரம் ஒரு பேச்சு ஓடியது.

நான் விடவில்லை. இரும்புத் தறி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஓடு இடிக்காத உயரமான கொட்டகையில் ஒன்றை வைத்துப் பாருங்கள் என்றேன். இரண்டு வீட்டில் குழியை மூடாமல் நாங்கள் சொல்கிறபடி மாற்றிப் பார்க்கலாம். குழியை ஒரு சாண் அகலமாக்கி, ஏறி இறங்க உள்ளே ஒரு படி, பலகைக்கு முன்பக்கம் சரிவு, முதுகுக்கு ஒரு சாய்ப்பு. "மேல உக்காந்தா வலி போயிடும்னு சொல்றீங்க. புவாவக் கேளுங்க. அவங்க மேலதான் உக்காந்துகினு இருக்காங்க," என்றேன்.

புவா எழுந்தாள். பேசுவாள் என்று பார்த்தால், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையோடு போட்டு உட்கார்ந்தாள். இடுப்பு வலியோடு அவள் அந்த நாற்காலியைத் தூக்கியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவளைப் பார்த்து மற்ற நெசவாளர்களும் நாற்காலியை இழுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. மேஜைக்காரர்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். பிறகு புவா பேசினாள், தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, வெகு நேரம்.

எல்லாம் கேட்டுவிட்டு பீட்டர் சார் என்னிடம் கேட்டார்: "பங்காளிகளுக்குள் ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"சண்ட போடுவோம் சார். நல்லாவே போடுவோம். பேசாமக்கூட இருப்போம். ஆனா கையெழுத்து இல்லாம யாரும் செவுத்துல கை வெக்க மாட்டோம்."

மேடம் அதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். பீட்டர் சார் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பேனாவை எடுத்து, தான் கொண்டுவந்த தீர்மானத்தின்மேல் ஒரு கோடு போட்டார். ஆரணியே வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. என் வீட்டுக்காரரின் குரல் காதில் கேட்டது. அம்மா, காப்பாற்றினாய் என்று அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் முழுக்க எழுதினோம். ஒரு வீட்டுக் குழியைத் தொடுவதென்றால் அந்த வீட்டு நெசவாளர் கையெழுத்து வேண்டும். எதை அளப்பது, எதை மாற்றுவது என்ற முடிவில் நெசவாளர் கையும் கணக்கில் சேரும். புவாவின் கிராமத்துக்கும் அதே. இங்கிலீஷ் தாளில் எங்களை என்னவென்று எழுதுவது என்று கேள்வி வந்தபோது, பீட்டர் சார் "பங்காளி" என்பதையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதச் சொன்னார். வேறு சொல் போட்டால் தனக்கு மறந்துவிடும் என்றார். புவா அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அது "பங்கலீ" என்று இழுத்துக்கொண்டு வந்தது. புறப்படும்போது வேன் பின்னாலேயே வந்து, "பங்கலீ!" என்று கூப்பிட்டுக் கையசைத்தாள். சொந்தப் பங்காளி யாரும் என்னை அப்படி வழியனுப்பியதில்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் தேவராஜ் அண்ணனே நின்றுகொண்டிருந்தார். "இன்னா, தெருவுக்குள்ள உடலாமா வேணாமா?" என்றார். தாளைக் கொடுத்தேன். அங்கேயே நின்று முழுக்கப் படித்தார். பிறகு என் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அடுத்த மாதம் மேடம் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, "பங்காளிங்கள்லாம் ஒவ்வொருத்தரா வந்து கையெழுத்துப் போடுங்க," என்றார். "இருக்கிற பங்காளிங்களே தாங்கல, இதுல மேடம் வேறயா?" என்றார் தேவராஜ் அண்ணன். கூடமே சிரித்தது. முதல் குழியாக எங்கள் வீட்டுக் குழியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாண் அகலம், உள்ளே ஒரு படி, சரிவுப் பலகை, பாவு நூல் சுற்றும் பழைய உருளையில் செய்த முதுகுச் சாய்ப்பு. சரிவு போதாது என்று இவர் இரண்டு முறை மாற்றச் சொன்னார். இரண்டு முறையும் மாற்றினார்கள். பங்காளி சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

தை பிறந்து சில நாள் இருக்கும். துணி காயப்போடக் கயிறு இல்லை என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். தறிப் பக்கம் மிதி நின்றது. வழக்கமான "முருகா" கேட்கவில்லையே என்று திரும்பினால், இவர் படியில் கால் வைத்து மேலே வந்து நின்றுகொண்டிருக்கிறார். அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் கயிற்றை அவிழ்த்தார்.

"இந்தா, கயிறு கேட்டியே," என்று என்னிடம் நீட்டினார்.

கயிறு கைமாறியதும் நான்தான் சத்தமாகச் சொன்னேன், "முருகா!"